கொப்புளம் எந்த மட்டத்தில் பிரிகிறது? மேலணிக் கலங்கள் தம் தளத்தோடு பிணைந்திருக்கும் விதம்

நாள் முழுக்க மண்வெட்டி பிடித்தவரின் உள்ளங்கையில் கொப்புளம் எழுகிறது. எழுபது வயது தாண்டிய ஒருவருக்கு மாதக்கணக்கில் உடம்பெல்லாம் அரித்துவிட்டு, அடிபடாமலே தொடையிலும் வயிற்றிலும் இறுக்கமான பெரிய கொப்புளங்கள் வருகின்றன. அரிதாக, பிறந்த குழந்தையைத் தூக்கிய இடமெல்லாம் தோல் கழன்று நீர் கோத்துவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றுமே தோலுக்குள் நீர் கட்டியதுதான். ஆனால் ஒவ்வொன்றும் வேறுவேறு ஆழத்தில் பிரிந்திருக்கிறது. தழும்பு விழுமா, எந்த மருந்து கொடுப்பது, எவ்வளவு ஆபத்து என்பதையெல்லாம் அந்த ஆழமே தீர்மானிக்கிறது. சில இடங்களில் அந்த வேறுபாடு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

உயர்தர உயிரியலில் ‘மேலணிக் கலங்கள் அடித்தள மென்சவ்வின் மீது அமைந்துள்ளன’ என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். பசை பூசி ஒட்டியதுபோல அதைக் கற்பனை செய்தால் மேலே சொன்ன எதுவும் விளங்காது. அங்கே இருப்பது புரதத்தோடு புரதம் கோத்த ஒரு தொடர். அது கலத்துக்குள் இருக்கும் கெரட்டின் இழையில் தொடங்கி, கல மென்சவ்வை ஊடுருவி, அடித்தள மென்சவ்வைக் கடந்து, உட்தோலின் கொலாஜன் நாரில் போய் முடிகிறது. வாவிக்கரையில் கட்டிய தோணியை நினைத்துப் பாருங்கள். தோணியின் வளையம் கழன்றாலும், கயிறு அறுந்தாலும், முளைக்கட்டை சேற்றிலிருந்து பிடுங்குப்பட்டாலும் தோணி ஓடித்தான் போகும். திருத்த வேண்டிய இடம்தான் மூன்றிலும் வேறு.

தளம் எதனால் ஆனது

உடலின் வெளிப்புறத்தையும் உள்ளிருக்கும் குழாய்கள், பைகளின் உட்புறத்தையும் போர்த்தியிருப்பது மேலணி இழையம். தோல், வாய், குடல், சுவாசக் குழாய், சிறுநீர்ப்பை, கண்ணின் முன்பக்கம் எல்லாம் இதில் அடங்கும். இதற்குச் சொந்தமாக இரத்தக் குழாய் கிடையாது. ஒட்சிசனும் போசணையும் கீழேயுள்ள தொடுப்பிழையத்திலிருந்து பரவல் மூலமே வந்து சேர வேண்டும். இந்த விடயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், புற்றுநோய் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

குடலிலும் சிறுநீரகக் குழாய்களிலும் ஒற்றைப் படையாக நிற்கும் கலங்கள் அனைத்தும் தளத்தைத் தொடுகின்றன. தோலில் பல படைகள் இருந்தாலும் தளத்தைத் தொடுவது அடிப்படைக் கலங்கள் மட்டும்தான். மற்றவை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிணைந்து நிற்கின்றன. ஆகவே தோலின் முழுச் சுமையும் அந்த ஒரு வரிசைக் கலங்களின் அடிப்பக்கத்தில்தான் இறங்குகிறது.

அடித்தள மென்சவ்வில் கல மென்சவ்வைப் போன்ற லிப்பிட் இரட்டைப் படை இல்லை. பரீட்சையில் பலர் புள்ளி இழக்கும் இடம் இது. கலங்கள் வெளியே சுரந்த புரதங்கள் ஒன்றோடொன்று பின்னி உண்டான மெல்லிய விரிப்பு அது. முக்கியமானவை நான்கு: நான்காம் வகைக் கொலாஜன், லாமினின், நிடோஜன், பெர்லகன். எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் முதலாம் வகைக் கொலாஜன் முறுக்கிய நாராக நிற்கும். நான்காம் வகை நாராகாமல் முனைக்கு முனை இணைந்து வலையமைப்பாகிறது. லாமினின், ஆல்ஃபா, பீற்றா, காமா என்ற மூன்று சங்கிலிகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு. 1979இல் எலியின் ஒருவகைக் கட்டியிலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. சங்கிலிகளின் இலக்கத்தைக் கொண்டே இதன் வகைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். தோலுக்கு உயிர்நாடியானது லாமினின்-332, அதாவது ஆல்ஃபா 3, பீற்றா 3, காமா 2.

தடிப்பு மிகக் குறைவு. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஏறத்தாழ 50 முதல் 100 நனோமீற்றர் வரை. ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் இப்படிப்பட்ட விரிப்புகளை ஆயிரமளவில் அடுக்கலாம். பாடசாலை ஆய்வுகூடத்தில் வழக்கமான ஹீமற்றொக்சிலின்-இயோசின் சாயமிட்ட தோல் வெட்டுமுகத்தில் இதைத் தேடிக் களைக்க வேண்டாம், தனிக் கோடாகத் தெரியாது. வெல்லக் கூறுகளில் பற்றும் பி.ஏ.எஸ். சாயம் இட்டால் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். சுவாசக் குழாயின் வெட்டுமுகம் கிடைத்தால் அதில் பாருங்கள், அங்கே இது தடிப்பானது.

இலத்திரன் நுணுக்குக்காட்டியில் இரண்டு பட்டைகள் தெரியும். கலத்துக்கு அருகில் வெளிறிய பட்டை, அதன் கீழ் கரிய பட்டை. வெளிறிய பட்டையின் ஒரு பகுதி, மாதிரியை உலர்த்திப் பதப்படுத்தும்போது உண்டாகும் சுருக்கத்தால் தோன்றுவது. மிக விரைவாக உறையவைத்துப் பார்த்த மாதிரிகளில் அது அவ்வளவு தெளிவாக இல்லை. இருந்தாலும் கொப்புளம் பிரிந்த மட்டத்தைச் சொல்ல இந்த இரு பட்டைகளே இன்றும் அடையாளம்.

மேலிருந்து கீழாக, கண்ணி கண்ணியாக

தோலின் அடிப்படைக் கலமொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் குழியவுரு முழுவதும் சுமார் 10 நனோமீற்றர் விட்டமுள்ள இடைத்தர இழைகள் ஓடுகின்றன. அவை கெரட்டின் 5, கெரட்டின் 14 என்ற இரண்டும் சோடி சேர்ந்து உண்டானவை. இழுவையைத் தாங்குவது இவற்றின் வேலை.

இந்த இழைகள் கலத்தின் அடிப்பக்கத்தில் வந்து சேரும் இடங்கள் கரிய தட்டுகளாகத் தெரியும். ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீற்றருக்கும் குறைவான அகலம். இவைதான் ஹெமிடெஸ்மோசோம்கள். தட்டின் உட்பக்கத்தில் பிளெக்ரின், பி.பி.230 என்ற இரு புரதங்கள் கெரட்டினைப் பிடித்துக்கொள்கின்றன. இவற்றை ஒரு கையால் பிடித்தபடி மென்சவ்வைத் துளைத்து வெளியே நீள்பவை இரண்டு: ஆல்ஃபா 6 பீற்றா 4 இன்டெக்ரின், பதினேழாம் வகைக் கொலாஜன். இந்தக் கொலாஜனுக்கு பி.பி.180 என்ற பெயரும் உண்டு. வெளியே இவ்விரண்டும் லாமினின்-332ஐப் பற்றுகின்றன. வெளிறிய பட்டையைக் குறுக்காகக் கடந்து நிற்கும் நுண்ணிழைகளில் இருப்பது இந்த லாமினின்தான்.

லாமினின்-332இன் மறுபக்கத்தைப் பற்றுவது ஏழாம் வகைக் கொலாஜன். இதுதான் கரிய பட்டையிலிருந்து உட்தோலுக்குள் வளைந்திறங்கும் நங்கூர நார். பல நார்களின் இரு முனையும் மேலேயே இருக்கும், நடுப்பகுதி கீழே வளையமாகத் தொங்கும். அந்த வளையங்களுக்குள்ளால் உட்தோலின் முதலாம், மூன்றாம் வகைக் கொலாஜன் நார்கள் புகுந்து ஓடுகின்றன. அடியில் பற்றுவதற்கு எந்தப் பசையும் இல்லை, நாருக்குள் நார் புகுந்து நிற்பதாலேயே இழுத்தாலும் வராது. இவ்வளவு நுட்பமான ஓர் ஏற்பாடு நம் உடம்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றர் தோலுக்கடியிலும் இருக்கிறது என்பது திரும்பத் திரும்ப வியக்கத் தக்கது.

ஹெமிடெஸ்மோசோம் என்பது டெஸ்மோசோமைப் பாதியாக வெட்டியது என்று எண்ணிவிடக் கூடாது. கலத்தைக் கலத்தோடு பிணைக்கும் டெஸ்மோசோமில் டெஸ்மோக்ளீன், டெஸ்மோகொலின் என்ற கட்ஹெரின் குடும்பப் புரதங்கள் உள்ளன. தளத்தோடு பிணைக்கும் ஹெமிடெஸ்மோசோமில் கட்ஹெரின் கிடையாது, இன்டெக்ரின் உண்டு. கெரட்டினைப் பிடிப்பதில் மட்டும்தான் இரண்டும் ஒன்று. இந்த வேறுபாடு தெரிந்தவருக்குக் கீழே வரும் நோய்கள் தாமாகவே பிரிந்து நிற்கும்.

இன்டெக்ரின் பற்றி இன்னும் சற்று. மனிதரில் 18 ஆல்ஃபா சங்கிலிகளும் 8 பீற்றா சங்கிலிகளும் சேர்ந்து 24 சோடிகளாகின்றன. 1986இல் இந்தப் பெயர் வந்தது. பெரும்பாலான பீற்றா சங்கிலிகளின் உள்வால் ஐம்பது அமினோ அமிலமளவில் முடிந்துவிடும், அது கலத்தின் அசைவுக்குரிய அக்டின் இழைகளோடுதான் தொடர்புறும். பீற்றா 4இன் உள்வால் மட்டும் ஆயிரம் அமினோ அமிலங்களுக்கு நீளும். அந்த நீண்ட வாலால்தான் அது கெரட்டினோடு இணைய முடிகிறது. இன்டெக்ரின்கள் வேலை செய்ய மக்னீசியம், கல்சியம் போன்ற ஈரேற்ற அயன்கள் வேண்டும்.

அக்டினோடு இணையும் பிணைப்புகளும் மேலணிக் கலத்தில் உண்டு, அவை குவியப் பிணைப்புகள். ஆல்ஃபா 3 பீற்றா 1 போன்ற இன்டெக்ரின்களை உள்ளே டாலின், கிண்ட்லின், வின்குலின் ஆகியவை அக்டினோடு சேர்க்கின்றன. ஹெமிடெஸ்மோசோம் நிலையாக நிற்பதற்கு, குவியப் பிணைப்பு நகர்வதற்கு. தளம் எவ்வளவு விறைப்பானது என்பதைக் கலம் அறிவதும் இதன் வழியாகவே. தளத்தைத் தொலைத்த மேலணிக் கலம் பெரும்பாலும் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். 1994இல் இதற்கு அனோய்க்கிஸ் என்று பெயரிட்டார்கள். பிணைப்பு வெறும் தாங்குதல் அல்ல, ‘நீ இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறாய்’ என்று கலத்துக்குள் போகும் சமிக்ஞையும் கூட.

பிடியைத் தளர்த்தும் வேளைகள்

காயம் பட்டால் விளிம்பிலுள்ள அடிப்படைக் கலங்கள் சில மணிநேரத்தில் தம் ஹெமிடெஸ்மோசோம்களைக் கலைக்கின்றன. பீற்றா 4இன் உள்வாலில் பொசுபேற்று சேர்வதால் பிளெக்ரினின் பிடி விடுகிறது. பிறகு குவியப் பிணைப்புகளை முன்னால் போட்டு, பின்னால் எடுத்து, ஃபைப்ரின், ஃபைப்ரோனெக்ரின் நிறைந்த தற்காலிகத் தளத்தின்மேல் ஊர்ந்து போய்க் காயத்தை மூடுகின்றன. போகும் வழியில் லாமினின்-332ஐத் தாமே சுரந்து இடுகின்றன.

ஊர்வதற்கு ஈரம் வேண்டும். 1962இல் ஜோர்ஜ் வின்டர் பன்றித் தோலில் செய்த பரிசோதனையில், மூடி ஈரமாக வைத்த காயங்கள் திறந்து காயவிட்டவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக மேலணியால் மூடின. பொருக்குக் கட்டிய காயத்தில் கலங்கள் பொருக்குக்குக் கீழே சுற்றிப் போக வேண்டியிருப்பதே தாமதத்துக்குக் காரணம். ‘காத்துப் படட்டும்’ என்று காயத்தைத் திறந்து வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னொன்று: மேலே மூடிவிட்டது என்பதால் பிணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. புதிதாக ஊர்ந்து வந்த கலங்களிடம் முழுமையான ஹெமிடெஸ்மோசோம்கள் இன்னும் இல்லை. காய்ந்து ஒட்டிய துணியை வெடுக்கென்று இழுத்தால் மருந்துக்கட்டோடு அந்தப் புதுப் படலமும் வந்துவிடும். சலைனால் ஊறவைத்து, தானாக விடும்வரை பொறுத்து எடுக்க வேண்டும்.

கிழக்கிலங்கையின் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் உயிரியல் படித்துவிட்டுப் பின்னாளில் கல வளர்ப்பில் கைவைக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. வளர்ப்புக் குடுவையில் கலங்கள் பிளாஸ்டிக்கை நேரடியாகப் பிடிப்பதில்லை. சீரத்திலுள்ள விட்ரோனெக்ரினும் ஃபைப்ரோனெக்ரினும் முதலில் பிளாஸ்டிக்கில் படிகின்றன, கலங்களின் இன்டெக்ரின்கள் அவற்றைப் பற்றுகின்றன. அவற்றைக் கழற்ற 0.25 வீத டிரிப்சினோடு ஏறத்தாழ அரை மில்லிமோலர் ஈ.டி.டீ.ஏ. கலந்து 37 பாகை செல்சியசில் வைப்பார்கள். டிரிப்சின் புரதத்தை வெட்டும், ஈ.டி.டீ.ஏ. கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பறிக்கும். முதல் முறை செய்பவருக்குக் கலம் கழலாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது, பழைய ஊடகத்தின் சீரம் மிஞ்சியிருக்கிறதா என்பது. அதிலுள்ள தடுப்பிகள் டிரிப்சினை முடக்கிவிடும். ஆகவே கல்சியமும் மக்னீசியமும் இல்லாத பொசுபேற்றுத் தாங்கற் கரைசலால் இரண்டு தடவை கழுவிய பிறகே டிரிப்சின் விட வேண்டும். பல கல வகைகள் இரண்டு முதல் ஐந்து நிமிடத்தில் உருண்டு கழலும். இறுக்கமாகப் பிணையும் மேலணிக் கலங்களுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கூடப் போகலாம். நிமிடத்துக்கொரு முறை நுணுக்குக்காட்டியில் பாருங்கள், குடுவையைத் தட்டாதீர்கள், தட்டினால் கட்டி கட்டியாக வரும். அதிக நேரம் விட்டால் இன்டெக்ரின்களே வெட்டுப்பட்டு, புதுக் குடுவையில் கலங்கள் பிடிக்கப் பிந்தும். கழன்றதும் சீரமுள்ள ஊடகத்தை விட்டு டிரிப்சினை நிறுத்த வேண்டும்.

எந்தக் கண்ணி அறுந்தால் என்ன கொப்புளம்

மண்வெட்டிக் கொப்புளம் இந்தத் தொடரையே தொடுவதில்லை. உராய்வில் பிரிவது அடிப்படைக் கலங்களுக்கு மேலேயுள்ள முட்கலப் படை. அடிப்படைக் கலங்கள் தளத்தில் அப்படியே இருப்பதால் ஒரு நாளுக்குள் வேகமாகக் கலப்பிரிவடையத் தொடங்கி, ஐந்து நாளளவில் புதுக் கொம்புப் படை உண்டாகிவிடும், தழும்பு விழாது. அதுவரை கொப்புளத்தின் கூரைத் தோல்தான் சிறந்த கட்டு, அதைப் பிய்க்க வேண்டாம். நடக்கவோ பிடிக்கவோ முடியாத அளவு பெரிதென்றால், கிருமியழித்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்துவிட்டுக் கூரையை அப்படியே அழுத்தி மூடுங்கள். நீரிழிவு உள்ளவர் பாதத்துக் கொப்புளத்தில் தாமாக ஊசி வைக்கக் கூடாது.

சிறுவருக்கு வரும் மெல்லிய, உடனே உடைந்து தேன்நிறப் பொருக்காகும் கொப்புளங்கள் இன்னும் மேலே பிரிந்தவை. ஸ்டஃபிலோகொக்கஸ் பற்றீரியாவின் நச்சு டெஸ்மோக்ளீன் 1ஐ வெட்டுகிறது. பெம்பிகஸ் வல்காரிஸ் நோயில் உடலின் சொந்தப் பிறபொருளெதிரிகள் டெஸ்மோக்ளீன் 3ஐத் தாக்குகின்றன. பெரும்பாலும் வாய்ப்புண்ணாகத் தொடங்கும், கொப்புளம் தளர்ந்து தொய்வாக இருக்கும், அருகிலுள்ள நல்ல தோலை விரலால் அழுத்தித் தேய்த்தாலே வழுக்கி உரியும். இவை இரண்டிலும் அறுந்தது கலத்துக்கும் கலத்துக்கும் இடையிலான பிணைப்பு, தளத்தோடான பிணைப்பு அல்ல.

இனி நம் தொடருக்குள் வருவோம். கெரட்டின் 5 அல்லது 14இன் பரம்பரையலகில் விகாரம் இருந்தால் கலத்தின் உடலே கிழியும், ஹெமிடெஸ்மோசோம் கொப்புளத்தின் தரையோடு நின்றுவிடும். இது எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்ற பரம்பரைத் தோல் நோயின் எளிய வகை. வெப்பமும் வியர்வையும் இதை மோசமாக்கும், சித்திரை வைகாசி வெயிலில் இந்தக் குழந்தைகளுக்குத் தடித்த சப்பாத்து போடுவது நல்லதல்ல. லாமினின்-332, பதினேழாம் வகைக் கொலாஜன், ஆல்ஃபா 6 பீற்றா 4 ஆகியவற்றில் குறை வந்தால் வெளிறிய பட்டையில் பிரியும். இது சந்தி வகை. லாமினின்-332 அறவே இல்லாத குழந்தைகளில் பலர் முதல் இரண்டு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. ஏழாம் வகைக் கொலாஜன் குறைந்தால் கரிய பட்டைக்குக் கீழே, உட்தோலில் பிரியும். இது நலிவு வகை. ஆழம் கூடியதால் ஒவ்வொரு கொப்புளமும் தழும்பாக ஆறும், கடுமையான வடிவத்தில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும், இளவயதிலேயே தோற்புற்றுநோய் வரும் அபாயம் உண்டு.

சந்தி வகையும் நலிவு வகையின் கடுமையான வடிவமும் பின்னிடைவாகக் கடத்தப்படுபவை. பெரும்பாலும் தாய், தந்தை இருவரிடமும் ஒரே பரம்பரையலகில் விகாரம் மறைந்திருந்தால்தான் பிள்ளைக்கு வரும். மச்சான், மச்சாள் முறையில் நெருங்கிய சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்புக் கூடும். ஒரு பிள்ளைக்கு இப்படி இருந்தால், அடுத்த பிள்ளைக்கு முன் பெற்றோர் மரபியல் ஆலோசனை கேட்பது நல்லது. இதில் யார்மீதும் குற்றமில்லை, பழி பேசுவது அந்தத் தாய்க்குச் செய்யும் பெரிய அநியாயம்.

எந்தக் கண்ணி என்று தெரிந்ததால் மருத்துவம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். லாமினினின் பீற்றா 3 சங்கிலியில் விகாரம் கொண்ட ஏழு வயதுச் சிறுவனுக்கு 2015இல் ஜேர்மனியின் போகம் நகரில், அவனுடைய கலங்களிலேயே பரம்பரையலகைத் திருத்தி வளர்த்த மேற்றோலை உடலின் ஏறத்தாழ 80 வீதப் பரப்பில் பொருத்தினார்கள். 2017இல் வெளியான அறிக்கைப்படி தோல் நிலைத்து நின்றது. நலிவு வகைக்கு ஏழாம் வகைக் கொலாஜனின் பரம்பரையலகைச் சுமந்து புண்ணின்மேல் பூசும் களியை 2023 மே மாதம் அமெரிக்கா அனுமதித்தது.

முதியோருக்கு வருவது புல்லஸ் பெம்பிகோயிட். பிறபொருளெதிரிகள் பி.பி.180ஐயும் பி.பி.230ஐயும் தாக்குகின்றன. முழு மேற்றோலும் கூரையாக நிற்பதால் கொப்புளம் இறுக்கமாக இருக்கும், எளிதில் உடையாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அரிப்பு மட்டும் முன்னால் வரும், அப்போது பலர் சொறி என்று களிம்பு பூசிக் காலம் கடத்துகிறார்கள். நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் வில்டாகிளிப்டின், சிட்டாகிளிப்டின் வகை மாத்திரைகள் சிலருக்கு இதைத் தூண்டுவதுண்டு. அந்த மாத்திரை எடுப்பவருக்கு விளங்காத அரிப்பும் கொப்புளமும் வந்தால் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள், தாமாக நிறுத்த வேண்டாம்.

கண்ணால் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாத சந்தர்ப்பங்களில் ஆய்வுகூடத்தில் ஓர் அழகான உத்தி உண்டு. சாதாரண தோல் துண்டொன்றை ஒரு மோலர் உப்புக் கரைசலில் 4 பாகையில் ஓரிரு நாள் ஊறவைத்தால் அது சரியாக வெளிறிய பட்டையில் இரண்டாகப் பிரியும். அதன்மேல் நோயாளியின் சீரத்தை விட்டு, ஒளிரும் குறியோடு பார்ப்பார்கள். பி.பி.180க்கு எதிரான பிறபொருளெதிரி மேற்கூரையில் ஒளிரும். லாமினின்-332க்கோ ஏழாம் வகைக் கொலாஜனுக்கோ எதிரானது தரையில் ஒளிரும்.

வெள்ளாமை வெட்டும் கண்ணும்

நம் பகுதிக்கு மிகவும் வேண்டிய பகுதி இது. இயந்திரம் வந்த பிறகும் வெள்ளாமைக் காலத்தில் நெற்தாள் கண்ணில் கீறுவதும் உமி தெறிப்பதும் நிற்கவில்லை. கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் படலமான விழிவெண்படலத்தை 5 முதல் 7 படையுள்ள, சுமார் 50 மைக்ரோமீற்றர் தடிப்பான மேலணி மூடியிருக்கிறது. அதுவும் ஹெமிடெஸ்மோசோம்களால்தான் தளத்தில் நிற்கிறது. சிறு கீறலைக் கலங்கள் ஊர்ந்து ஒன்று முதல் மூன்று நாளில் மூடிவிடும். நோ போய்விடும், ஆள் வயலுக்குத் திரும்பிவிடுவார்.

ஆனால் கீறல் அடித்தள மென்சவ்வையும் பாதித்திருந்தால் ஹெமிடெஸ்மோசோம்கள் மீண்டும் உறுதியாக அமைய ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் மேலணி தளத்தின்மேல் இருக்கிறது, பிணைந்து இல்லை. இரவில் கண்ணீர் குறைகிறது, மேலணி சற்று ஊறி வீங்குகிறது, இமையின் உட்புறம் அதில் ஒட்டுகிறது. விடியற்காலை கண்ணைத் திறக்கும் கணத்தில் இமை அந்தத் துண்டை உரித்துவிடும். ஊசி குத்தியதுபோல நோ, கண்ணீர், வெளிச்சம் பார்க்க முடியாமை. மத்தியானம் குறைந்துவிடும். சில கிழமை கழித்து மறுபடி. இதுதான் மீள்வரும் விழிவெண்படல உரிவு. பகலில் கிளினிக்குக்குப் போய்ப் பச்சைச் சாயம் விட்டுப் பார்த்தால் சில வேளை ஒன்றும் தெரியாது, ஏனென்றால் கலங்கள் இடத்தில்தான் இருக்கின்றன. ஆகவே எந்த நேரத்தில் வலிக்கிறது, முன்பு எப்போது கீறல் பட்டது என்ற இரண்டையும் வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

படுக்கும்போது மசகுக் களிம்பு போடுவது அடிப்படைச் சிகிச்சை. நோ நின்றதும் களிம்பை விட்டுவிடுவதுதான் பலர் விடும் பிழை, குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். வீக்கத்தை இழுத்தெடுக்க 5 வீத உப்புக் களிம்பும் கொடுப்பார்கள். விடிய எழும்பும்போது மூடிய இமைக்குள் கண்ணை மெல்ல அசைத்து, பிறகு ஆறுதலாகத் திறக்க வேண்டும். இவற்றுக்கும் அடங்காவிட்டால் கட்டுப்போலக் கண்ணை மூடும் வில்லை, நுண்ணூசியால் புள்ளியிடுதல், லேசர் என்று படிகள் உள்ளன. தளத்தை அரிக்கும் நொதியங்களை அடக்குவதற்காக டொக்ஸிசைக்கிளினும் சில வேளை கொடுக்கப்படும்.

நெற்தாள் கீறிய கண்ணுக்குள் தாய்ப்பாலோ பச்சிலைச் சாறோ விடாதீர்கள். தாவரக் கீறலோடு பூஞ்சணம் உள்ளே போக வாய்ப்புண்டு. வீட்டில் கிடக்கும் ஸ்டெரொயிட் சொட்டு மருந்து பூஞ்சணத்தை வளர்த்துவிடும். மரக்கவைக்கும் சொட்டைத் தொடர்ந்து விட்டால் மேலணி ஆறாது. கீறல் பட்ட கண்ணில் நோ நாளுக்கு நாள் கூடினாலோ வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றே கண் வைத்தியரிடம் போக வேண்டும். வெள்ளாமை வேலைக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிப் போடுவது எவ்வளவோ மேல்.

தளத்தைத் தாண்டிய கலங்கள்

வெற்றிலை, பாக்கு, புகையிலை சேர்த்துச் சப்புபவரின் கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ கண்டால் வைத்தியர் சிறு துண்டெடுத்து அனுப்புவார். நோயியல் நிபுணர் அங்கே தேடும் முதற் கேள்வி அடித்தள மென்சவ்வைப் பற்றியது. உருமாறிய கலங்கள் எல்லாம் அதற்கு மேலேயே இருந்தால், மேலணியில் இரத்தக் குழாயோ நிணநீர்க் குழாயோ இல்லாததால், அவை பரவ வழியில்லை. முழுதாக வெட்டியெடுத்துக் குணப்படுத்தலாம். ஓரிடத்திலாவது நொதியங்களால் தளத்தை அரித்துக் கீழே இறங்கியிருந்தால் அது ஊடுருவும் புற்றுநோய். எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை மில்லிமீற்றரில் அளப்பார்கள். 5 மில்லிமீற்றரைத் தாண்டினால் நோயின் நிலை கூட்டிக் கணிக்கப்படும். திட்டு சிறிதாக இருக்கும்போதே காட்டுங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

முதியோர், பச்சைக் குழந்தைகளின் தோல்

மேற்றோலும் உட்தோலும் சந்திக்கும் இடம் தட்டையானதல்ல, மேடும் பள்ளமுமாக ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கும். அதனால் பிணையும் பரப்புக் கூடுகிறது. வயது போகப் போக அந்த மேடுபள்ளம் தட்டையாகிறது. மாதம் குறைந்து பிறந்த குழந்தையில் அது இன்னும் சரியாக அமையவில்லை, ஹெமிடெஸ்மோசோம்களும் குறைவு. இருவரிலும் பிளாஸ்டரின் பசைப்பிடி, தோல் தன் தளத்தைப் பிடித்திருக்கும் பிடியைவிட வலுவாகிவிடும். சலைன் ஏற்றிய கையிலிருந்து பிளாஸ்டரை இழுத்தபோது தோலும் சேர்ந்து வருவது இப்படித்தான்.

கழற்றும்போது பிளாஸ்டரை மேல்நோக்கி இழுக்காமல், தோலோடு சமாந்தரமாகப் பின்னால் மடித்து, மெதுவாக எடுக்க வேண்டும். மற்றக் கைவிரலால் விலகும் கோட்டிலுள்ள தோலை அழுத்திப் பிடியுங்கள். விடாவிட்டால் முதியோருக்குச் சிறிது எண்ணெய் தடவி ஊறவிடலாம். சிலிக்கன் பசையுள்ள பிளாஸ்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். தோல் கிழிந்து மடலாகத் தொங்கினால் அதை வெட்டக் கூடாது. சலைனால் கழுவி, ஈரப் பஞ்சால் மடலைப் பழைய இடத்துக்கு மெல்லத் தள்ளி, ஒட்டாத கட்டுப் போட்டு, கட்டின்மேல் பேனையால் ஓர் அம்புக்குறி வரைந்துவிடுங்கள். மடல் உடம்போடு ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து அதன் நுனியை நோக்கி அம்பு இருக்க வேண்டும், கட்டைக் கழற்றுபவர் அந்தத் திசையிலேயே கழற்ற வேண்டும்.